யாரை அளக்கிறோம்?

"சொன்னது விளங்கியதா?" என்று வைத்தியர் கேட்டால் பெரும்பாலோர் ஆமென்று தலையசைப்பர். வீடு சேர்ந்ததும் மருந்துப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு திகைப்பவர்களும் அவர்களே. நோய், மருந்து ஆகியவற்றை மக்கள் எவ்வளவு விளங்கிக் கொள்கின்றனர் என்பதைச் சுகாதார எழுத்தறிவு என்பர். அதை அளக்கவும் பல வழிகள் உண்டு.

1993இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு சோதனை, நோயாளியை 66 மருத்துவச் சொற்களை உரக்க வாசிக்கச் செய்து, சரியாக உச்சரித்தவற்றை எண்ணுகிறது. எழுதப் படிக்க வாய்ப்பில்லாத தாய்மார் மலிந்த ஏழை நாடுகளில் இந்த அளவுகோல் என்ன சொல்லும்? பிள்ளை வளர்த்த அனுபவமுள்ளவளையும் அறிவிலி என்றன்றோ சொல்லும்!

வங்காளதேசத்தில் வேறொரு வழி கையாளப்பட்டது. வயிற்றோட்டத்தினால் உடலில் நீர் வற்றிக் குழந்தைகள் மாண்டுகொண்டிருந்த காலம் அது. 1980 முதல் 1990 வரை பிராக் என்னும் தொண்டு நிறுவனத்தின் பெண் ஊழியர்கள் வீடு வீடாகச் சென்றனர். மூவிரலால் அள்ளிய உப்பு, ஒரு பிடி வெல்லம், அரைச் சேர் தண்ணீர் ஆகியவற்றைக் கலந்து குழந்தைக்குப் பருக்கும் முறையைத் தாய்மாருக்குக் கற்பித்தனர். 120 இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு இப்பாடம் எட்டியது.

சில வாரங்களின் பின் வேறு சிலர் வந்து, தெரிந்தெடுத்த வீடுகளில் தாய்மாரைச் சோதித்தனர். தாய் பெற்ற புள்ளிக்கேற்பக் கற்பித்தவளின் சம்பளம் அமைந்தது. தாய் மறந்திருந்தால் குறைந்தது ஆசிரியையின் ஊதியமே.

அந்த ஊழியரும் ஏழைப் பெண்தானே, இது நீதியா எனச் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் சோதனை அவளோடு நிற்கவில்லை. பாடம் நினைவிருந்தும் பல தாய்மார் கரைசலைப் பயன்படுத்தவில்லை எனத் தெரியவந்தபோது, நிறுவனம் தன்னையே ஆராய்ந்தது. கற்பித்தவர்களுக்கே அதில் நம்பிக்கை இல்லையென்பது வெளிப்பட்டது. அவர்களை டாக்காவிலுள்ள ஆய்வு நிலையத்துக்கு அழைத்துச் சென்று, கரைசல் உயிர்காக்கும் விதத்தை விளக்கினர். வீட்டு ஆண்களுக்கும் எடுத்துரைத்தனர்.

அறியாமையை அளப்பது குற்றமன்று. அளந்தபின் பழியை எளியவர் தலையில் சுமத்திவிட்டு ஒதுங்குவதே குற்றம். அறிந்தவனுக்கே பொறுப்பு அதிகம். வைத்தியருக்கும் தாதிக்கும் மட்டுமா இது? வீட்டில் பாட்டிக்கு மருந்துச் சீட்டை வாசித்துக் காட்டும் படித்த பிள்ளைக்கும் பொருந்தும். "விளங்கியதா?" என்று கேட்பதோடு நில்லாமல், "நான் சரியாகச் சொன்னேனோ தெரியவில்லை, எப்படிக் குடிக்கப் போகிறீர்கள், ஒருக்கால் சொல்லுங்கள்" என்று கேட்போமாக.