விற்ற கைக்கும் பங்கு உண்டா?

தெளிந்த புத்தியோடு இருந்தபோது நண்பர் ஒருவர் தன் ஆயுதத்தை ஒப்படைத்துவிட்டுப் போகிறார். பிறகு சித்தம் கலங்கிய நிலையில் வந்து திருப்பிக் கேட்கிறார். கொடுக்கலாமா? பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலில் சாக்ரடீஸ் எழுப்பும் கேள்வி இது. பொருள் அவருடையதே ஆனாலும் கூடாது என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகமில்லை.

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் நடந்தது அதைவிடக் கொடியது. 2014இல் துப்பாக்கி வாங்குவதற்கான பின்னணிச் சோதனையில் மனநலக் காரணத்தால் தேறாத ஒருவர், 2016இல் லபக் நகரவாசி ஒருவரிடம் நேரடியாக ரைஃபிள் வாங்கினார். சோதனை ஏதும் நடக்கவில்லை. 2019 ஆகஸ்ட் 31 அன்று மிட்லண்ட், ஒடெசா பகுதியில் அவர் 7 பேரைச் சுட்டுக் கொன்றார். விற்றவருக்கு 2 ஆண்டுச் சிறை கிடைத்தது. ஆனால் அது உரிமமின்றித் துப்பாக்கி வியாபாரம் செய்ததற்கும் வரிக்கணக்கில் பொய் சொன்னதற்கும்தான். பறிபோன உயிர்களுக்காக அவர்மீது குற்றச்சாட்டு ஏதும் இல்லை.

கூட்டாட்சிச் சட்டப்படி உரிமம் பெற்ற வியாபாரிதான் சோதனை நடத்தக் கடமைப்பட்டவர். எப்போதாவது சொந்தத் துப்பாக்கியை விற்பவருக்கு அந்தக் கடமை இல்லை. வாங்குபவர் தடைசெய்யப்பட்டவர் என்று தெரிந்தோ, அப்படி நம்ப நியாயமான காரணம் இருந்தோ விற்றால்தான் குற்றம். ஆக, ஒன்றுமே கேட்காதவர் ஒன்றும் தெரியாதவராகத் தப்பிக்க இடமிருக்கிறது.

யூதர்களின் சட்ட நூலான தல்மூத் இந்த இடத்தை அடைக்கப் பார்க்கிறது. கொள்ளைக்காரனுக்கு ஆயுதம் விற்காதே என்கிறது. அவன் இதுவரை யாரையும் கொல்லாதவன் ஆயிற்றே என்ற வாதமும் அங்கே எழுகிறது. பிடிபடும் நேரத்தில் தப்பிக்க அவனும் கொல்வான் என்பது பதில். ஆயுதத்தைச் சாணை பிடித்துக் கொடுப்பதற்கும் அங்கே தடை உண்டு. விற்பவர் அடுத்தவருடைய நாளையையும் யோசித்தாக வேண்டும்.

புத்தர் இல்லறத்தாருக்கு விலக்கிய ஐந்து வணிகங்களில் ஆயுத வணிகமும் ஒன்று. ஆனால் கணவர் விட்டுச்சென்ற வேட்டைத் துப்பாக்கியை விற்கும் விதவை வணிகர் அல்லவே. அவரைக் குற்றவாளியாக்குவது நியாயமாகாது. அவரால் அரசின் சோதனை ஏட்டை நேரடியாகப் பார்க்கவும் முடியாது.

ஆனால் உரிமம் பெற்ற கடைக்குப் போகலாம். கட்டணம் வாங்கிக்கொண்டு, வாங்குபவரின் பின்னணியைக் கடைக்காரரே சோதிப்பார். கலிபோர்னியாவில் தனியார் விற்பனையும் இப்படித்தான் நடக்க வேண்டும். டெக்சஸில் அது விற்பவரின் விருப்பம். அந்த வழி திறந்திருக்கும்போது, ‘எனக்குத் தெரியாது’ என்ற பதிலை ஏற்க மனம் ஒப்பவில்லை.