செய்தவர் யார்? ஃபிலடெல்ஃபியாவின் இசைக்குழுவும் நாகசேனரின் தேரும்

ஒரு செயலைச் செய்தவர் யார் என்ற கேள்விக்கு, பலர் கூடிச் செய்யும் செயலில் விடை காண்பது எளிதன்று. எவர் கை எவ்வளவு உழைத்தது என்று பிரித்தறிய இயலாத இடத்தில், அச்செயலின் பெயரும் பயனும் யாரைச் சேர வேண்டும் என்பதும் தெளிவற்றுப் போகிறது. பௌத்த மெய்யியல் இக்கேள்வியை ‘நான்’ என்பதை நோக்கியே எழுப்பியது. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் 1970களில் இயங்கிய எம்.எஃப்.எஸ்.பி. என்ற இசைக்குழுவின் வரலாறோ அதையே கூலியையும் புகழையும் நோக்கி எழுப்புகிறது.

கென்னத் கேம்பிள், லியோன் ஹஃப் ஆகிய இருவரும் 1971இல் ஃபிலடெல்ஃபியா இன்டர்நேஷனல் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினர். கறுப்பின மக்களின் தேவாலயப் பாடல்முறையும் ‘ரிதம் அண்ட் ப்ளூஸ்’ என்னும் தாள இசையும் கலந்து உருவான ‘சோல்’ இசையே அதன் அடித்தளம். ஜோ டார்சியா 1968இல் நிறுவிய சிக்மா சவுண்ட் ஒலிப்பதிவுக்கூடத்தில், அந்நிறுவனத்தின் பாடகர்களுக்குப் பின்னணி வாசித்தவர்கள் முப்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்கள்; அவர்களின் கூட்டே எம்.எஃப்.எஸ்.பி. ஏர்ல் யங் டிரம்மும், ரானி பேக்கர் பேஸ் கிதாரும், நார்மன் ஹாரிஸ் கிதாரும், வின்ஸ் மொன்டானா வைப்ரஃபோனும் வாசிக்க, டான் ரெனால்டோ வயலின் பிரிவை வழிநடத்தினார். ஓஜேஸ் குழுவின் ‘லவ் டிரெயின்’, பில்லி பாலின் ‘மீ அண்ட் மிஸஸ் ஜோன்ஸ்’ ஆகிய பாடல்கள் அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பெற்றபோது, உறையில் நின்றது பாடகரின் முகம். ஒலியை நிரப்பியது இவர்களின் கை.

இவர்கள் தம் குழுப்பெயரிலேயே வெளிச்சத்துக்கு வந்த தருணம் ஒன்றுண்டு. ‘சோல் டிரெயின்’ தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு முகப்பிசையாக உருவான ‘டி.எஸ்.ஓ.பி.’, த்ரீ டிகிரீஸ் குழுவின் குரலோடு வெளிவந்து, 1974இல் பில்போர்டு வரிசையில் முதலிடத்தை அடைந்தது. பின்னர் கிராமி விருதும் பெற்றது. எனினும், அதைக் கேட்டு ஆடியவர்களுள் மிகப் பலர், வாசித்தவர் ஒருவரின் பெயரையேனும் அறிந்திருக்கவில்லை.

பெயரறியப்படாத அந்த உழைப்பு எத்தகையது என்பதை ஏர்ல் யங்கின் வாசிப்பில் துல்லியமாகக் காணலாம். ஹெரால்ட் மெல்வின் அண்ட் தி ப்ளூ நோட்ஸ் குழு 1973இல் பாடிய ‘தி லவ் ஐ லாஸ்ட்’ பாடலில், அவரது ஒரு கால் நான்கு எண்ணிக்கையிலும் ஒன்று விடாமல் பேஸ் டிரம்மை அடிக்கிறது. மற்றொரு கால், ஒன்றையொன்று நோக்கி அமைந்த இரு உலோகத் தட்டுகளான ஹை-ஹேட்டை அடிகளுக்கு இடையே திறந்து, அடுத்த அடி விழும் கணத்தில் மூடுகிறது. அத்திறப்பில் எழும் சீறலே ஆடுபவரின் உடலை அடுத்த அடிக்கு ஏந்திச் செல்கிறது. நடன அரங்குகளுக்கென வளர்ந்த ‘டிஸ்கோ’ இசையின் அடிப்படைத் தாளம் முழுமையாக அமைந்த முதற்பதிவுகளுள் ஒன்றாக இது கருதப்படுகிறது. 1980களில் சிகாகோவில் பிறந்த ‘ஹவுஸ்’ இசையும் இதன் வழித்தோன்றலே.

1975 அளவில், ஊதியம் குறித்த கருத்து வேறுபாட்டால் இக்கலைஞர்களுள் முதன்மையானோர் பலர் விலகி, நியூயார்க்கின் சால்சோல் நிறுவனத்தின் பக்கம் சென்றனர். மொன்டானா அங்கே சால்சோல் ஆர்கெஸ்ட்ராவை உருவாக்கினார். அதன் பதிவுகளும் சிக்மா கூடத்திலேயே நிகழ்ந்தன. எம்.எஃப்.எஸ்.பி. என்ற பெயரோ பழைய நிறுவனத்திடமே தங்கி, வேறு கலைஞர்களின் வாசிப்பைத் தாங்கித் தொடர்ந்தது. இவற்றுள் எது அந்தக் குழு?

‘மிலிந்த பஞ்ஹா’ என்ற பாலி நூலில், கிரேக்க மரபு அரசன் மிலிந்தனிடம் பிக்கு நாகசேனர் இதே வகைக் கேள்வியைக் கேட்கிறார். அரசன் ஏறி வந்த தேர் என்பது சக்கரமா, அச்சா, நுகமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, எதுவும் தேரன்று என்றும், உறுப்புகளைச் சார்ந்து வழங்கும் பெயரே தேர் என்றும் நிறுவுகிறார். இசைக்குழுவும் அத்தகையதே, பலரது கூட்டுக்கு வெளியே அதற்கெனத் தனித்த உயிர் இல்லை.

அவ்வாறாயின், செய்தவர் என ஒருவரும் இல்லாத இடத்தில் கடனும் இல்லை என்று முடிவு கட்டிவிடலாமா? சட்டம் ஏறக்குறைய அவ்வாறே நடந்துகொள்கிறது. பாடலை எழுதியவருக்கு உரிமைத்தொகை செலுத்தும் அமெரிக்காவின் மரபான வானொலி நிலையங்கள், அதை வாசித்தவருக்கு எதுவும் செலுத்த வேண்டியதில்லை. பதிவு நடந்த பொழுதுக்கு உரிய கூலியோடு டிரம் கலைஞரின் கணக்கு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது; ஒரு தாளமுறையைக் கண்டடைந்தமைக்கு அவருக்கு உடைமையுரிமையும் கிடைப்பதில்லை.

நாகசேனர் இம்முடிவை ஏற்கமாட்டார். மறுபிறப்பைப் பற்றிய உரையாடலில் அவர் மாம்பழத் திருடனை எடுத்துக்காட்டுகிறார். உரிமையாளர் நட்ட மாம்பழம் வேறு, தான் பறித்தது வேறு என்று அவன் வாதிட்டாலும் குற்றவாளியே ஆவான். ஏனெனில் முன்னதின்றிப் பின்னது விளைந்திராது. நிலையான ‘நான்’ இல்லை என்ற கோட்பாடு, செயலுக்கும் விளைவுக்கும் உள்ள பிணைப்பை அறுப்பதில்லை. மாறாக, அப்பிணைப்பொன்றையே பொறுப்பின் அடிப்படையாக்குகிறது. தாளம் தனியுடைமையன்று என்பதும், அதை அடுத்த தலைமுறை எடுத்தாள்வது திருட்டன்று என்பதும் உண்மை. ஆயினும், ஏர்ல் யங்கின் கால் முன்னர் அடித்திராவிட்டால் பின்னர் வந்த ஒலி இவ்வடிவில் வந்திராது என்ற காரணத்தொடர்ச்சி அங்கே அறுபடாமல் நிற்கிறது.

ஆகவே, இக்கலைஞர்களின் பெயர்களை அறிந்து சொல்வது புகழ்மாலை சூட்டுவதன்று. விளைவை அதன் காரணத்தோடு சேர்த்துக் காணும் அறிவின் நேர்மை. பயனில் பற்றற்றிருத்தல் உயர்ந்த அறமே. ஆனால் அது உழைத்தவர் தாமே விரும்பி மேற்கொள்ள வேண்டிய அறம். அவரது உழைப்பின் பயனை நுகர்பவர் அதை அவருக்குப் போதிக்க உரிமையற்றவர். நுகர்பவருக்கு உரிய அறம் பெற்றதை ஒப்புக்கொள்வது, இயன்றவரை அதற்கு ஈடுசெய்வது.