பென்சில் யார் கையில்

மாணவர் விசாவில் அமெரிக்கா வந்தவர்களுக்கு வளாகத்துக்குள்ளே வாரம் 20 மணி நேரம் வேலை செய்ய அனுமதி உண்டு. நான் முதுகலை படித்த பல்கலைக்கழகத்தில், சாப்பாட்டுக் கூடத்தில் தட்டு அடுக்குவதைவிட ரைட்டிங் சென்டர் வேலை கௌரவமாகத் தெரிந்தது. சக மாணவர்களின் கட்டுரைகளை அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து உதவ வேண்டும். அதற்கு முன் சில வாரப் பயிற்சி. இரண்டிரண்டு பேராகப் பிரித்துவிடுவார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்க வேண்டும், பிறகு மாற்றிக்கொள்ள வேண்டும்.

எனக்குத் துணையாக வந்தவன் ஒரு கொரிய மாணவன்.

பயிற்சியில் இரண்டு கட்டுரைகளைக் கட்டாயம் படிக்கச் சொன்னார்கள். ஸ்டீபன் நார்த் 1984இல் எழுதியது ஒன்று: நம் வேலை எழுத்தைத் திருத்துவது அல்ல, எழுதுகிறவரை வளர்ப்பது. ஜெஃப் புரூக்ஸ் 1991இல் எழுதியது மற்றொன்று. அது இன்னும் கறார். எதிரில் உட்காராதே, பக்கத்தில் உட்கார். தாள் அவன் பக்கம் இருக்கட்டும். பென்சில் உன் கையில் இருக்க வேண்டாம். அவனையே உரக்கப் படிக்கச் சொல். படித்தபோது எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். பத்தாவது நிமிடத்தில் பென்சில் என் கையில் இருந்தது.

அவன் தன் அப்பாவின் தையல் கடையைப் பற்றி எழுதியிருந்தான். ஒருமை, பன்மை, காலம் எல்லாம் தாறுமாறு. திருத்திக்கொண்டே போனேன். ஓரிடத்தில், அப்பா பல வருடங்கள் என்னிடம் வாயால் பேசவில்லை என்ற பொருளில் ஒரு வாக்கியம். வாயால் என்பதை அடித்தேன். பேசுவது வாயால்தானே. அவன் பார்த்தான், தலையசைத்தான். அந்தக் கட்டுரைக்கு அவன் வகுப்பில் நல்ல மதிப்பெண் வந்தது. எனக்குக் காபி வாங்கிக் கொடுத்தான்.

அடுத்த வாரம் என் முறை. என்னைவிட அவன் ஒழுங்கானவன். புரூக்ஸ் சொன்னபடியே கைகளை மடியில் வைத்துக்கொண்டு என்னை உரக்கப் படிக்கச் சொன்னான். காதுக்குச் சரியாக இருக்கிறதா என்று கேட்டான். எனக்கு எல்லாமே சரியாகத்தான் கேட்டது. என் தொல்லை ஆங்கிலத்தின் 'ஏ', 'தி'. தமிழில் அப்படி ஒன்று கிடையாது. கொரிய மொழியிலும் கிடையாதாம். நீச்சல் தெரியாத இருவர் குளத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் பயிற்சி நடத்தியவர் வந்து, எங்கே எது வரும், ஏன் வரும் என்று இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டுப் போனார். அன்று தெரிந்துகொண்டது இன்றும் அலுவலக அறிக்கைகளில் கை கொடுக்கிறது.

அப்போது எனக்குக் கோபம்கூட வந்தது. தெரிந்ததைச் சொல்லாமல் நீயே கண்டுபிடி என்று காத்திருப்பது மரியாதையா, அல்லது ஆங்கிலம் பிறப்பிலேயே காதில் விழுந்தவர்களுக்கு மட்டும் பொருந்தும் மரியாதையா? 1995இல் லிண்டா ஷமூன், டெபோரா பர்ன்ஸ் என்ற இருவர் இதே மாதிரி கேட்டிருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. இசை கற்பிக்கும்போது ஆசிரியர் வாசித்தே காட்டுகிறார், அதனால் மாணவனின் சங்கீதம் பறிபோவதில்லையே என்பது அவர்கள் வாதம். நம் பாட்டு வாத்தியார்களும் பாடித்தானே காட்டுகிறார்கள்.

ஆகவே எனக்கு நானே ஒரு கோடு போட்டுக்கொண்டேன். இலக்கணம் ஊர்ச்சொத்து, தாராளமாகக் கொடுக்கலாம். சொல்ல வந்த சங்கதி அவனுடையது, அதைத் தொடக்கூடாது. கணினிக்காரனுக்கு இப்படிப்பட்ட கோடு பிடிக்கும்.

பருவத்தின் கடைசியில் ஒருநாள் பேருந்துக்குக் காத்திருக்கும்போது, பேச்சுவாக்கில் அவன் சொன்னான். பள்ளிச் சட்டையில் பொத்தான் அறுந்தால் மறுநாள் காலையில் தைத்திருக்குமாம். கால்சட்டை குட்டையானால் கேட்காமலே மடிப்பு பிரிந்து நீளமாகியிருக்குமாம். அப்பா கையால் பேசிக்கொண்டேதான் இருந்தார். அதனால்தான் வாயால் என்று எழுதினேன் என்றான். குறையாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னான்.

நான் அடித்தது இலக்கணத்தை அல்ல, அவன் அப்பாவை. இத்தனைக்கும், வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை என்று தினமும் சொல்கிற மொழியிலிருந்து வந்தவன் நான். என் தமிழ்க்காது அந்தச் சொல்லை விட்டிருக்கும். புதிதாக முளைத்த ஆங்கிலக் காவல்காரன் விடவில்லை. ஏன் எழுதினாய் என்று கேட்க ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

அன்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். உனக்குத்தான் ஆங்கிலம் நன்றாக வருமே என்றான். 1970களில் புரூக்ளின் கல்லூரியில் கென்னத் புரூஃபி இந்த முறையை வளர்த்தெடுத்ததே, ஆசிரியரிடம் உதவி கேட்கத் தயங்குகிறவர்கள் சக மாணவரிடம் தயங்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான். உதவியை வாங்கிக்கொள்ள அவன் தயங்கவில்லை, உண்மைதான். வேண்டாம் என்று சொல்லத்தான் தயங்கினான். நாலு வாக்கியம் கூடுதலாகத் தெரிந்ததுமே நான் அவனுக்கு வாத்தியார் ஆகிவிட்டேன், எனக்கும் அது பிடித்திருந்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மகளின் தமிழ்ப் பள்ளி வீட்டுப்பாடம் என்னிடம் வருகிறது. ஒற்றுப்பிழைகளைக் கூசாமல் திருத்துகிறேன். போன மாதம், தாத்தா வீட்டு விடுமுறை பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தாள். "மழை எங்களை வீட்டுக்குள் வைத்தது" என்று ஒரு வாக்கியம். ஆங்கிலத்தில் யோசித்துத் தமிழில் எழுதியது, பார்த்தவுடன் தெரிகிறது. மழை பெய்ததால் வீட்டுக்குள்ளேயே இருந்தோம் என்று மாற்ற பேனாவை எடுத்துவிட்டேன்.

எடுத்த பேனாவைக் கீழே வைத்து, ஏன்டா இப்படி எழுதினே என்று கேட்டேன்.

"நாங்க வெளியே போகத்தான் பார்த்தோம்ப்பா. மழைதான் வச்சுது" என்றாள்.