வருபவருக்காக விழித்திருத்தல்

ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் ‘ரௌஹெஸ் ஹௌஸ்’ என்னும் இல்லம் ஒன்று உண்டு. வறுமையில் கைவிடப்பட்ட சிறுவர்களுக்காக யோஹான் ஹின்ரிக் விக்கெர்ன் என்ற இறைத்தொண்டர் அதனை 1833-ஆம் ஆண்டு தொடங்கினார். கிறிஸ்துமஸ் நெருங்கும் நாட்களில் அங்கிருந்த பிள்ளைகளுக்குப் பொறுமை இருக்கவில்லை. “இன்னும் எத்தனை நாள்? நாளைக்கா?” என்று அன்றாடம் அவரைத் துளைத்தெடுத்தனர். 1839-இல் அவர் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து, அதன் மீது மெழுகுவர்த்திகளைப் பொருத்தினார். வார நாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறிய சிவப்பு மெழுகுவர்த்தி. ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகள். நாள்தோறும் பிரார்த்தனை வேளையில் ஒன்று கூடுதலாக ஏற்றப்பட்டது.

பிள்ளைகள் கேட்டது ஓர் எண்ணிக்கை. கிடைத்ததோ வெளிச்சம். வடதேசத்தில் டிசம்பர் மாதம் பகல் குறுகி இருள் நீளும் காலம். வெளியே இருள் நாளுக்கு நாள் பெருக, உள்ளே ஒளி நாளுக்கு நாள் பெருகியது. பிற்காலத்தில் பசுந்தழைகளால் பின்னப்பட்ட வளையமாகவும் நான்கே மெழுகுவர்த்திகளாகவும் சுருங்கி, இன்று உலகெங்கும் தேவாலயங்களில் காணப்படும் திருவருகைக் கால வளையத்தின் தொடக்கம் இதுவே.

‘அட்வென்ட்’ என்பது வருகை என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளை உள்ளடக்கிய இக்காலத்தில்தான் மேலைத் திருச்சபையின் வழிபாட்டு ஆண்டு தொடங்குகிறது. ஆண்டின் முதல் நாளே கொண்டாட்டமாக அமையாமல், காத்திருப்பாக அமைந்திருப்பது சிந்திக்கத்தக்கது. குருமார் ஊதா நிற உடை அணிகின்றனர். மூன்றாம் ஞாயிறன்று மட்டும், வருகை அணுகிவிட்ட மகிழ்ச்சிக்கு அடையாளமாக இளஞ்சிவப்பு அனுமதிக்கப்படுகிறது. பெத்லகேமில் தேவதூதர் பாடியதாகக் கூறப்படும் மகிமைப் பாடல் கத்தோலிக்க ஞாயிறு வழிபாட்டில் அந்த வாரங்களில் பாடப்படுவதில்லை. கிறிஸ்துமஸ் இரவுக்காக அது காத்து வைக்கப்படுகிறது.

பழங்காலத்தில் இது நோன்புக் காலமாகவே இருந்தது. கிழக்குத் திருச்சபைகள் பலவற்றில் 40 நாள் நோன்பு இன்றும் உண்டு. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் டிசம்பர் முதல் நாளிலிருந்து ‘25 நோன்பு’ நோற்று, மீனும் இறைச்சியும் நீக்குகின்றனர். ஆனால் நவம்பரிலேயே கடைவீதிகள் கிறிஸ்துமஸைக் கொண்டாடி முடித்துவிடும் இந்நாளில், காத்திருக்க யாருக்குத்தான் நேரமிருக்கிறது? குழந்தைகளுக்குக் காத்திருப்பைக் கற்பிக்க எழுந்த திருவருகைக் கால நாட்காட்டிகூட, தினம் ஒரு மிட்டாய் தரும் அட்டைப்பெட்டியாகிவிட்டது.

ஏசுநாதர் அவதரித்து இரண்டாயிரம் ஆண்டுகள் கடந்துவிட்டனவே, வந்துவிட்டவருக்காக ஏன் மீண்டும் காத்திருக்க வேண்டும் என்ற ஐயம் எழுவது இயல்பு. 12-ஆம் நூற்றாண்டின் துறவியான கிளேர்வோ பெர்னார்டு இதற்கு விடை தந்துள்ளார். இறைவனின் வருகை மூவகைப்படும் என்கிறார் அவர். முதலாவது, மனித உடலில் நிகழ்ந்த வருகை. இறுதியானது, மகிமையோடு நிகழவிருக்கும் வருகை. இவ்விரண்டுக்கும் இடையே மறைவாக நிகழும் வருகை ஒன்று உண்டு. அது அடியவரின் உள்ளத்தில் நிகழ்வது. முதலாவதும் இறுதியானதும் மனிதனின் கையில் இல்லை. இடைப்பட்ட வருகைக்கு இடம் தருவதோ, மறுப்பதோ அவனுடைய கையில் இருக்கிறது.

இதற்கான ஆயத்தத்தை விளக்கவே, மணமகனை எதிர்கொள்ள விளக்கோடு சென்ற பத்துக் கன்னியரின் உவமையை ஏசுநாதர் கூறினார். அதில் பலரும் கவனியாத ஒரு செய்தி உண்டு. மணமகன் வரத் தாமதித்தபோது, பத்துப் பேருமே உறங்கிவிட்டனர். அறிவுள்ளவர்கள் கண்விழித்திருந்தார்கள், அறிவிலிகள் தூங்கினார்கள் என்று உவமை கூறவில்லை. களைப்பு எல்லோருக்கும் பொது. ஐவரிடம் எண்ணெய் இருந்தது, ஐவரிடம் இல்லை, வேறுபாடு அவ்வளவே. நள்ளிரவில் குரல் எழுந்ததும், இல்லாதவர்கள் கடன் கேட்டார்கள். மற்றவர்கள் மறுத்துவிட்டார்கள். இம்மறுப்பு முதல் பார்வைக்குக் கல்நெஞ்சமாகத் தோன்றும். ஆனால் உணவைப் பகிரலாம், பொருளைப் பகிரலாம். ஒருவர் பல்லாண்டுகள் செய்த பிரார்த்தனையை, மற்றொருவருக்கு நள்ளிரவில் ஊற்றித் தர எவராலும் இயலாது. அந்த எண்ணெய் துளித்துளியாகச் சேர்வது. அது சேருவது சேர்ப்பவருக்கே தெரிவதில்லை.

எருசலேம் ஆலயத்தில் இருந்த சிமியோனும் அன்னாளும் அவ்வாறு சேர்த்தவர்கள். அன்னாள் முதிர்ந்த கைம்பெண். நோன்பிலும் பிரார்த்தனையிலும் அல்லும் பகலும் கழித்தவர். ஒருநாள் ஏழைத் தம்பதியர் ஒரு கைக்குழந்தையோடு வந்தனர். ஆட்டுக்குட்டி வாங்க இயலாத ஏழைகளுக்கென விதிக்கப்பட்ட இரு பறவைகளே அவர்களுடைய காணிக்கை. அன்று ஆலயத்தில் எத்தனையோ பேர் இருந்திருப்பர். குழந்தை யார் என்பதை அறிந்துகொண்டவர்களாக லூக்கா கூறுவது இந்த இருவரை மட்டுமே.

காத்திருந்தவர் அனைவருக்கும் விரும்பியது கிட்டியது என்று எண்ணிவிடலாகாது. ஹிட்லரின் ஆட்சியை எதிர்த்த ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர், 1943-இல் பெர்லினில் தேகல் சிறையில் அடைபட்டிருந்தார். திருவருகைக் காலம் நெருங்கிய வேளையில் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், சிறைக்கூடத்தை அக்காலத்துக்கு ஒப்பிட்டார்: உள்ளே இருப்பவன் நம்பிக்கையோடு ஏதேதோ செய்துகொண்டிருக்கிறான், ஆனால் கதவோ வெளியிலிருந்துதான் திறக்கப்பட வேண்டும். அவருடைய சிறைக்கதவு விடுதலைக்காகத் திறக்கவில்லை. 1945 ஏப்ரல் 9 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார். ஆயினும் அவரது சிறைக் கடிதங்களை வாசிப்பவர்கள், அவர் வெறும் இருட்டில் காத்திருந்ததாகக் கூறமாட்டார்கள்.

இக்காத்திருப்பு ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியதன்று. 1886 ஆகஸ்டில் ஸ்ரீராமகிருஷ்ணர் மகாசமாதி அடைந்த பின், அவருடைய இளம் சீடர்கள் திசையறியா நிலையில் தவித்தனர். குருதேவர் மறைந்தார், வீட்டார் திரும்பி வருமாறு அழைத்தனர், எதிர்காலம் என்னவென்று எவருக்கும் தெளிவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் அவர்கள் வங்காளத்தின் ஆண்ட்பூர் கிராமத்தில், பாபுராமின் பூர்விக இல்லத்தில் தங்கியிருந்தனர். ஓர் இரவு, திறந்தவெளியில் துனி மூட்டி, அதனைச் சுற்றி அமர்ந்து நெடுநேரம் தியானித்தனர். பின்னர் நரேந்திரர் ஏசுநாதரின் வாழ்க்கையையும், தலை சாய்க்க இடமின்றி அவர் திரிந்ததையும், அவருடைய சீடர்களின் தியாகத்தையும் உள்ளம் உருக எடுத்துரைத்தார். அந்தத் தீயின் முன்னிலையில் அவர்கள் உலகைத் துறக்க உறுதி பூண்டனர்.

அது கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு என்பதை அவர்கள் பின்னரே அறிந்தார்கள். அதற்கு முன் எவரும் நாளைக் கணக்கிட்டுப் பார்த்திருக்கவில்லை.