திரையும் நம்பிக்கையும்

கலையில் பொய்க்கு எவ்வளவு இடம் என்பது பழைய கேள்வி. ஊர் ஊராகச் செல்லும் மேனாட்டு ராக் இசைக்குழுக்களின் மேடைத் துணிகளைப் பற்றிப் படித்தபோது அது எனக்கு மீண்டும் புதிதாயிற்று.

'பிங்க் ஃப்ளாயிட்' குழு 1980-81ல் சுமார் 40 அடி உயரத்துக்கு அட்டைக் கற்களால் சுவர் எழுப்பிப் பாடியது. அந்நிகழ்ச்சி நான்கே ஊர்களில்தான் நடந்தது. சுவர் எளிதில் பயணம் போகாது, துணி போகும். மடித்து லாரியில் ஏற்றி, அடுத்த ஊரில் தொங்கவிட்டால் மறுபடி மலையாகும், வானமாகும். ஸ்க்ரிம் என்று ஒரு துணி; சிறு கண்கள் விட்டு நெய்தது. முன்னாலிருந்து ஒளி விழுந்தால் அது சுவர். அந்த ஒளி அணைந்து பின்னால் விளக்கு எரிந்தால், துணியே இல்லாததுபோல் பாடகன் தெரிகிறான். இன்னொரு உத்திக்கு ஜப்பானியக் கபுகி நாடகத்தின் பெயர்: குறித்த தாளத்தில் கொக்கிகள் விடுபட, முழுத்திரையும் ஒரே கணத்தில் சரிகிறது. ஒவ்வொரு இரவும் அதே தாளத்தில். பார்ப்பவனோ தனக்காகவே அது விழுந்ததாகச் சிலிர்க்கிறான். மனம் திறந்து பாடுவதாகச் சொல்லிக்கொள்ளும் இசைக்கு இது தகுமா?

தகும் என்றே நினைக்கிறேன். வங்கியில் நோட்டை வெளிச்சத்துக்கெதிரே பிடித்து நீர்க்குறி பார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. கள்ளநோட்டு, அது கள்ளநோட்டு என்று தெரியாதவரைதான் செல்லும். மேடைத் துணியோ, துணி என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகும் செல்லுகிறது. இசைந்தவனிடம் காட்டுவது மோசடியல்ல, பிரமை.

ஆனால் இசைவுக்கு எல்லை உண்டு. தீப்பற்றாதிருக்க இத்துணிகளில் ரசாயன உப்புகளை ஏற்றுகிறார்கள். சிலவகைத் துணிகளில் நனைந்தால் அது போய்விடும். மலை என்று நம்ப இசைந்தவன், தீ விஷயத்தில் ஏமாற இசையவில்லை. 2003 பிப்ரவரியில் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில், இரவு விடுதியொன்றின் ராக் நிகழ்ச்சியில், மத்தாப்புப் பொறி சுவரில் ஒட்டியிருந்த நுரைப்பஞ்சில் பற்றியது. 100 பேர் இறந்தார்கள். முதல் சில கணங்கள் அந்தத் தீயும் காட்சியின் பகுதி என்றே கூட்டத்தில் சிலர் நினைத்தார்கள். பற்றியது துணியல்ல என்பது இங்கே ஆறுதலாகாது.

பிரமைக்கு இசைகிறவன் தன் சந்தேகத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வருகிறான். அதை அவன் சார்பில் வேறொருவர் சுமக்க வேண்டும். துணியில் ஒரு கீற்றை வெட்டித் தீக்காட்டிப் பார்க்கிற மேடைத் தொழிலாளி அதைச் சுமக்கிறான். திரைக்குப் பின்னால் நடப்பதால், அந்தக் காரியத்தைக் கலைக்கு வெளியே நடப்பதாக நாம் எண்ணிவிடக் கூடாது.