யாருடைய அரிசி?

பிலிப்பைன்ஸ் தேசத்தின் லெய்ட்டே தீவில், தக்லோபான் நகரத்துக்கு அப்பால், அலங்அலங் என்னும் சிற்றூரில் அரசாங்கத்தின் அரிசிக் கிடங்கு ஒன்று இருந்தது. 2013-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் தேதி, ஹையான் என்று உலகத்தாரும் யோலாந்தா என்று அந்நாட்டாரும் பெயரிட்டு வழங்கிய சூறாவளி கரையேறி, வீடுகளைப் பெயர்த்து, கடலைத் தெருவுக்குள் அழைத்து வந்து, பிறகு ஒன்றும் நடவாததுபோல் மேற்கே போய்விட்ட சில நாட்களுக்கெல்லாம், பசியினால் மதி கலங்கிய ஜனத்திரள் அந்தக் கிடங்கைச் சூழ்ந்துகொண்டது. காவல் நின்றவர்களால் தடுக்க இயலவில்லை. மூட்டைகளை இழுத்த வேகத்தில் சுவரொன்று சரிந்து விழ, எட்டுப் பேர் அதனடியில் மாண்டனர். மற்றவர் லட்சத்துக்கு மேற்பட்ட மூட்டைகளைச் சுமந்துகொண்டு போயினர். பத்திரிகைகள் இதனைக் கொள்ளை என்று எழுதின.

கொள்ளைதானா? வீண் தர்க்கத்துக்காக இதைக் கேட்கவில்லை. அத்தேசத்தாரில் மிகப் பெரும்பாலோர் கத்தோலிக்கர். அவர்களுடைய சமயத்தின் தலையாய தத்துவ ஆசிரியரான தாமஸ் அக்குவினாஸ் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே இவ்விஷயத்தை எடுத்து ஆராய்ந்து, உயிர் போகும் தறுவாயில் இருப்பவன் வேறு வழியின்றிப் பிறர் பொருளை எடுத்து உயிரைக் காத்துக்கொள்வானாகில் அது களவாகாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். பூமியின் விளைபொருள்கள் மனிதகுலம் முழுவதன் தேவைக்காகவே சிருஷ்டிக்கப்பட்டவை என்பதும், இது என்னுடையது, அது உன்னுடையது என்பது மனிதர் பிற்பாடு செய்துகொண்ட ஏற்பாடே என்பதும் அவர் கொள்கை. தனி மனிதனின் களஞ்சியத்துக்கே இந்த நியாயம் செல்லுமானால், ஜனங்களின் வரிப்பணத்தில் வாங்கி, ஜனங்களுக்கு ஆபத்து நேரும் நாளையும் உத்தேசித்து அடுக்கி வைத்த அரிசிக்கு யார் பாத்தியதை? இதற்கு விடை கண்டால்தான், பேரிடருக்குப்பின் அரசாங்கம் கொடுப்பது தானமா, அல்லது தீர்த்தே ஆகவேண்டிய கடனா என்பது துலங்கும்.

சாதாரணமாக இத்தகைய அழிவுகளின்போது சமயவாதிகள் எழுப்பும் கேள்வி வேறு. கருணைக் கடலான கடவுள் இதனை ஏன் அனுமதித்தார் என்று அவர்கள் கேட்பார்கள். கேட்கத்தக்க கேள்விதான், மாண்டோர் என்று அரசாங்கக் கணக்கில் ஏறியவர் மட்டும் 6,300 பேர், காணாமற்போனவர் ஆயிரத்துக்கும் மேல், சிதைந்த வீடுகள் 11 லட்சம் என்னும்போது எந்த நெஞ்சில்தான் அது எழாது? 2015 ஜனவரி 17-ஆம் தேதி போப் பிரான்சிஸ் தக்லோபானுக்கு வந்தார். அன்றும் ஒரு புயல் நெருங்கிக்கொண்டிருந்தது. விமான நிலையத் திடலில் கூடிய ஜனங்கள் அணிந்திருந்த அதே மஞ்சள் மழைக்கோட்டைத் தாமும் அணிந்து, எழுதிக் கொண்டுவந்த பிரசங்கத்தை ஒதுக்கிவிட்டுத் தம் தாய்மொழியான ஸ்பானியத்தில் பேசிய அவர், எல்லாவற்றையும் இழந்துவிட்ட உங்களுக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை என்ற கருத்துப்படச் சொன்னார். தாம் சற்றுத் தாமதமாக வந்திருப்பதையும் ஒப்புக்கொண்டார். கடவுளைப் பற்றிய கேள்விக்குச் சமயத்தலைவர் ஒருவர் அளிக்கக்கூடிய விடைகளில் இதைவிட யோக்கியமானதொன்றை நான் அறியேன். ஆகையால் அக்கேள்வியை அவரோடு மௌனத்தில் விட்டுவிட்டு, மனிதர் விடையளிக்கக் கடமைப்பட்ட கேள்விக்குத் திரும்புகிறேன்.

முதலில் வார்த்தையைப் பற்றிச் சொல்லவேண்டும். ஏனெனில் ஆபத்துக் காலத்தில் அரசாங்கம் அரிசிக்கு முன்னால் வழங்கவேண்டியது வார்த்தை. அந்தத் தீவுகளில் புயல் எச்சரிக்கைக்கு ஒரு விசித்திரமான பூர்வீகம் உண்டு. 1865-இல் மணிலாவில் வானிலை ஆய்வகம் அமைத்தவர்கள் ஏசுசபைத் துறவிகள்; அவர்களுள் ஒருவரான பெதரிக்கோ பௌரா 1879-ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதன்முதலாகப் புயல் வருமென்று முன்னறிவித்தார். 1897 அக்டோபரில் இதே லெய்ட்டேயையும் அண்டைத் தீவான சாமாரையும் சூறையாடிய புயலைப் பற்றி ஹோசே அல்குவே என்ற துறவி ஒரு நூலே எழுதினார். பிரார்த்தனை செய்யவேண்டியவர்கள் பாரமானியைப் பார்த்துக்கொண்டிருந்தார்களே என்று யாரும் குறைகூறவில்லை. அதுவும் பிரார்த்தனையே என்று அவர்கள் எண்ணியிருக்கக்கூடும்.

அந்த மரபில் வந்த தேசத்தில், ஹையான் நெருங்கியபோது வானிலைத் துறையார் ஏழு மீட்டர் உயரம் வரை கடல் எழக்கூடும் என்று அறிவிக்கத்தான் செய்தார்கள். முந்தின நாள் மாலை ஜனாதிபதி பெனிக்னோ அக்கினோவும் தொலைக்காட்சியில் தோன்றி எச்சரித்தார். ஆனால் அறிவிப்பில் வந்த சொல் ‘ஸ்டார்ம் சர்ஜ்’ என்ற ஆங்கிலச் சொல். காற்றென்றால் தெரியும், மழையென்றால் தெரியும், ஆண்டுக்கு இருபது புயலைக் காணும் ஜனங்களுக்கு அவை பழகிய பகைவர். இந்தப் புதுச்சொல்லோ அவர்கள் காதில் விழுந்து கருத்தில் விழாமற் போயிற்று. சான் பெத்ரோ விரிகுடா புனல்போல் ஒடுங்கித் தக்லோபானில் முடிகிறது. காற்று தள்ளிய கடல் அந்தப் புனலில் ஏறி, ஐந்தாறு மீட்டர் உயரத்துக்கு நகரத்துக்குள் புகுந்தது. ‘சுனாமி என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போமே’ என்று தப்பிப் பிழைத்தவர்கள் பலர் பிற்பாடு சொன்னார்கள்.

அபயதானத்தை நம் பெரியோர் தானங்களுள் தலைசிறந்ததாக வைத்துப் போற்றினர். அஞ்சினவனுக்கு அஞ்சேல் என்பது அது. ஆனால் அஞ்சவேண்டிய வேளையில் அஞ்சாதிருப்பவனுக்குப் பயத்தை அளிப்பதும் ஒரு தானமென்று, அன்று தக்லோபானில் இருந்திருந்தால் அவர்கள் சேர்த்துச் சொல்லியிருப்பார்கள். அந்தத் தானத்தைச் சரியாகச் செய்த இடமும் உண்டு. கமோத்தேஸ் தீவுகளைச் சேர்ந்த துலாங் தியோத் என்ற மிகச் சிறு தீவில் ஏறக்குறைய ஐந்நூறு வீடுகள் இருந்தன. அங்கிருந்த ஆயிரம் பேரையும் புயலுக்கு முன்பே அடுத்த தீவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வீடுகள் எல்லாம் அழிந்தன. ஓர் உயிர்கூடப் போகவில்லை. இங்கே கொடுத்தவர் யார், கொண்டவர் யார்? எதுவும் கைமாறவில்லை. படம் பிடிப்பதற்கும் ஒன்றுமில்லை. ஆகையால் அந்தத் தீவின் பெயர் உலகத்தார் வாயில் அவ்வளவாக வழங்கவில்லை.

இனிக் கொடுத்த கதைக்கு வருவோம். அப்போது தக்லோபானின் நகரத் தலைவராக இருந்த ஆல்பிரட் ரொமுவால்டெஸ், அந்நாட்டை முன்பு ஆண்ட ஜனாதிபதி மார்க்கோஸின் மனைவி இமெல்டாவுடைய சகோதரர் மகன். ஜனாதிபதி அக்கினோவோ, மார்க்கோஸ் ஆட்சிக்காலத்தில், 1983-இல், மணிலா விமான நிலையத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட எதிர்க்கட்சித் தலைவரின் மகன். நகரத்தின் காவலரும் ஊழியரும் தாங்களே பிணங்களைத் தேடிக்கொண்டிருந்த அந்நாட்களில், மத்திய அரசு பொறுப்பேற்பதற்கு எழுத்துமூலம் கடிதம் வேண்டுமென்று கேட்கப்பட்டதாக நகரத் தலைவர் பின்னர் நாடாளுமன்றக் குழுவின்முன் கூறினார். நீங்கள் ரொமுவால்டெஸ், ஜனாதிபதி அக்கினோ, அதை நினைவில் வைக்கவேண்டும் என்ற பொருளில் உள்துறைச் செயலர் மார் ரோஹாஸ் பேசியதும் வெளிவந்தது. எச்சரிக்கையாக நடக்கவே அவ்வாறு சொன்னேன் என்றார் அவர். அவர் எண்ணம் எதுவாயினும் ஆகுக. இரண்டு வம்சங்களின் பழைய கணக்கு, பசித்தவனுக்கும் அரிசிக்கும் நடுவில் ஒரு விநாடியேனும் வந்து நின்றதே, அதுதான் நெஞ்சை உறுத்துகிறது.

அந்நாட்டார் மொழியில் ‘ஊத்தாங் நா லோஓப்’ என்றொரு தொடர் உண்டு. ஊத்தாங் என்றால் கடன். லோஓப் என்றால் உள். ஆபத்தில் ஒருவன் செய்த உதவிக்காக மற்றவன் தன் அந்தராத்மாவில் சுமக்கும் கடன் அது. பணத்தால் தீராது, காலத்தால் தேயாது. அந்தக் கடனை உணராதவன் என்று ஒருவனைச் சொல்லிவிட்டால் அதனினும் பெரிய வசை இல்லை. நமக்கு இதை விளக்கவேண்டிய அவசியமில்லை. செஞ்சோற்றுக் கடன் என்று நாம் சொல்வதும், கர்ணனை நினைத்துக் கண்கலங்குவதும் இதனாலேயே. அதர்மம் எந்தப் பக்கமென்று தெரிந்தும், உண்ட சோறு அவனைக் கட்டிப்போட்டது.

இப்பொழுது அரசியலாளர் பெயரும் முகமும் அச்சிட்ட பையில் அந்த அரிசியைப் போட்டுக் கொடுத்தால் என்ன நிகழுமென்று யோசித்துப் பாருங்கள். இப்படி முன்னால் முண்டியடித்து நிற்பவர்களுக்கு அந்நாட்டார் ‘ஏப்பால்’ என்று ஒரு பட்டமே கட்டியிருக்கிறார்கள். யோலாந்தாவின் நிவாரணப் பைகளிலும் அத்தகைய பெயர்கள் தென்பட்டனவென்று பெருங்கண்டனம் எழுந்தது. (2015-ஆம் ஆண்டுச் சென்னை வெள்ளத்தில் பொட்டலங்களின்மேல் ஸ்டிக்கர் ஒட்டிய கதையைக் கேட்ட நாம் அவர்களைப் பார்த்துச் சிரிப்பதற்கில்லை.) பையை வாங்குகிறவள் ஒரு தாய், இரண்டு நாள் வரிசையில் நின்றவள், உள்ளே கொஞ்சம் அரிசி, சில மத்தி மீன் டப்பாக்கள், நூடுல்ஸ் பொட்டலங்கள். வெளியே சிரிக்கும் ஒரு முகம். சோறு இரண்டு நாளில் தீர்ந்துவிடும்; முகம் தேர்தல் வரையில் அவள் உள்ளத்தில் கடன்காரனாக உட்கார்ந்திருக்கும். துரியோதனனாவது தன் ராஜ்யத்திலிருந்து அங்க தேசத்தை எடுத்துக் கொடுத்தான். இவர் எடுத்துக் கொடுப்பது அவளுடைய அரிசியையே அல்லவா? ஒருவன் வைப்பாக வைத்த பொருளை அவனிடமே திருப்பித் தந்துவிட்டு அதற்கு நன்றியையும் வட்டியாகக் கேட்கிற வியாபாரத்துக்குத் தர்ம சாஸ்திரத்தில் என்ன பெயரென்று பண்டிதர்களைத்தான் கேட்கவேண்டும்.

ஆகவே அரசாங்கம் தருவது கடனே என்பது என் துணிபு. வள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். ஆனால் அதற்கு முன்னால் ஒப்புரவறிதலை வைத்தார். ஒப்புரவு என்பது ஊரோடு ஒத்து வாழ்பவன் ஊருக்குச் செய்யும் கடமை; அதில் மேற்கையும் இல்லை, கீழ்க்கையும் இல்லை. அரசாங்கத்தின் நிவாரணம் ஈகை அதிகாரத்தைச் சேர்ந்ததன்று. முந்திய அதிகாரத்தைச் சேர்ந்தது.

இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் வாதம் சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் என் துணிபைச் சங்கடப்படுத்தும் ஒரு காட்சியும் அதே தக்லோபானில் நிகழ்ந்தது. தைவான் தேசத்தில் செங் யென் என்ற பௌத்த பிக்குணி 1966-இல் தோற்றுவித்த த்ஸூ சீ என்ற ஸ்தாபனத்தார் அங்கே வந்தனர். முப்பது குடும்பப் பெண்கள் மூங்கில் குழாயில் தினம் ஒரு சிறு காசு போட்டுச் சேர்த்ததில் தொடங்கிய ஸ்தாபனம் அது. அவர்கள் நகரத்தாரைப் பார்த்து, உங்கள் தெருவை நீங்களே கூட்டுங்கள், நாளொன்றுக்கு 500 பெசோ தருகிறோம் என்றார்கள். அது அப்பகுதியின் வழக்கமான கூலிக்கு ஏறக்குறைய இருமடங்கு. ஆயிரக்கணக்கானோர் மண்வெட்டியும் தள்ளுவண்டியுமாய்த் திரண்டு, இடிபாடுகளை அகற்றினர். ஸ்தாபனத்தார் குடும்பங்களுக்கு ரொக்கமும் வழங்கினர். வழங்கும் முறைதான் கவனிக்கத்தக்கது: தருகிறவர் இரு கைகளாலும் ஏந்தி, இடுப்பு வளையக் குனிந்து, தாமே நன்றி சொல்லித் தருவார். கொள்பவர் இல்லையேல் கொடுக்கும் பேறு தமக்கு ஏது என்பது அவர்கள் சித்தாந்தம். அமுதசுரபியை ஏந்தி நின்ற மணிமேகலையை அறிந்த நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது. சிலுவையை வணங்கும் ஜனங்களுக்கு முன்னால் புத்தரை வணங்குகிறவர்கள் குனிந்தார்கள். மதம் மாறச் சொல்லவில்லை. வாங்கியவர் பலர் அழுதனர்.

கடன் தீர்ப்பவன் இப்படிக் குனிவதில்லை. ரசீது வாங்கிக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிடுகிறான். என் சங்கடம் இதுதான்: கடன் என்று சொன்ன மாத்திரத்தில் பெறுபவரின் மானம் காக்கப்பட்டது, ஆனால் கொடுப்பவரின் கருணை வற்றிப்போக வழியும் திறந்துவிட்டது. 2014-இல் அந்நாட்டின் கணக்காய்வு ஆணையம், ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்ப உணவுப் பொதிகள் யாருக்கும் பயன்படாமல் கெட்டுப்போனதைப் பதிவு செய்தது. அங்கே யாரும் திருடவில்லை. யாருடைய முகமும் அச்சிடப்படவில்லை. பதிவேடு இருந்தது, கிடங்கு இருந்தது, விதி இருந்தது. இது ஒருவருக்குப் போய்ச் சேரவேண்டிய சோறு என்று நினைத்துப் பதைத்த மனம் மட்டும் அந்த வரிசையில் எங்கோ அறுந்திருக்கிறது. ஆதலால் அரசாங்கத்துக்குக் கருணை வேண்டாம், கணக்குப் போதும் என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. அரசாங்கம் என்பதற்கு இடுப்பு இல்லை, அது குனியாது. ஆனால் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாவுக்கு உண்டு. கடனைத் தீர்க்கும் காரியத்தைத் தானம் செய்பவனின் பயபக்தியோடு செய்வது அவருடைய சம்பளத்துக்குள் அடங்குமா என்று கேட்டால், அடங்காதுதான்.

அந்தப் பக்கத்து ஜனங்கள் பேசும் மொழிக்கு வராய் என்று பெயர். அச்சொல்லுக்கு அம்மொழியிலேயே ‘இல்லை’ என்பது பொருள்.

அந்தச் சொல்லை நினைவூட்டுவதுபோல், தக்லோபானின் வடபுறத்தில் பாஸ்பேர் என்ற இடத்தில் ஒரு பெரிய புதைகாடு இருக்கிறது. அடையாளம் காண அவகாசமில்லாமல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை அங்கே ஒருசேரப் புதைத்து, மேலே வரிசை வரிசையாக வெள்ளைச் சிலுவைகளை நட்டார்கள். எந்தச் சிலுவையின் கீழ் யார் என்று ஒருவருக்கும் தெரியாது. உற்றார் வந்து, ஏதோ ஒரு சிலுவையைத் தமதென்று வரித்துக்கொண்டு, அதில் தம் மனிதரின் பெயரைத் தங்கள் கையாலேயே எழுதுகிறார்கள். ஆண்டுதோறும் நவம்பர் 8-ஆம் தேதி பூவும் மெழுகுவத்தியும் கொண்டுவந்து, கீழே உறங்குவது யாராக இருந்தாலும் இருக்கட்டுமென்று ஏற்றிவைத்துவிட்டுப் போகிறார்கள்.