நூறு வாய், ஒரு சாட்சி

ஒரு செய்தியைப் பலரும் சொன்னால் அது உண்மையாகவே இருக்கும் என்று எண்ணுகிறோம். ஆனால், அன்பான வாசகரே, அந்த நூறு பேரும் ஒருவரிடமிருந்தே அதைப் பெற்றிருந்தால், நம்மிடம் இருப்பது ஒரே ஒரு சாட்சியம்தான்.

திருச்சபையின் வரலாறே இதைக் கற்பிக்கின்றது. நான்காம் நூற்றாண்டில் கொன்ஸ்தந்தீன் பேரரசன் உரோமையையும் மேற்குத் தேசங்களையும் பாப்பரசர் சில்வெஸ்தருக்கு எழுதிக் கொடுத்ததாக ஒரு சாசனம் மத்திய காலத்தில் வழங்கிவந்தது. சட்ட நூல்கள் அதை எடுத்தாண்டன. அக்கொடையால் திருச்சபைக்குக் கேடே விளைந்தது என வருந்திய கவிஞர் தாந்தேயும், அது நடந்ததென்றே நம்பினார். எல்லோருக்கும் மூலம் அந்த ஒரே சாசனம்.

பின்னாளில் கர்தினாலான கூசா நகர் நிக்கொலாஸ், 1433ஆம் ஆண்டளவில் பழைய வரலாற்று ஏடுகளைத் தேடிப் பார்த்தார். அவற்றில் இக்கொடை பற்றிய பேச்சே இல்லை. 1440இல் லொரென்சோ வல்லா வேறு வழியில் சென்றார். சாசனத்தின் இலத்தீன் மொழியை ஆராய்ந்து, அக்கால உரோமை அரசு வழங்காத சொற்கள் அதில் இருப்பதைக் காட்டினார். வல்லா, பாப்பரசரோடு பகைத்திருந்த அரகொன் மன்னனின் சேவையில் இருந்தவர். ஆகவே அவருடைய நோக்கத்தையும் நிறுத்துப் பார்ப்பது நியாயமே. எனினும் இருவரும் இரு வேறு வழிகளால் ஒரே முடிவுக்கு வந்தனர். அதுவே அம்முடிவுக்குப் பலம். சாசனம் பிற்காலத்தில் புனையப்பட்டது என்பதை அறிஞர் இன்று ஏற்கின்றனர்.

இப்படித் துருவிப் பார்ப்பது விசுவாசக் குறைவாகுமா? தானியேல் ஆகமத்தின் 13ஆம் அதிகாரத்தை எண்ணிப் பாருங்கள். முதியோர் இருவர் ஒரே குரலில் சூசன்னாமீது குற்றம் சாட்டினர். சபை அதை நம்பி மரணத் தீர்ப்பும் இட்டது. தானியேலோ அவர்களைத் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தின் கீழ் கண்டீர் என வினவினார். இருவரும் வெவ்வேறு மரத்தைச் சொன்னார்கள். குற்றமற்ற பெண்ணின் உயிர் தப்பியது.

இன்று கைத்தொலைபேசியில், "ஆராய்ச்சியில் கண்டுபிடித்தார்கள்" என்று மருந்தைப் பற்றியும், அயலவரைப் பற்றியும் எத்தனையோ வருகின்றன. முதலில் சொன்னவர் யார்? அவருக்கு எப்படித் தெரியும்? அவரைச் சாராத வேறொருவர் தாமாகவே ஆராய்ந்து அதைக் கண்டாரா? அறிந்திருக்க வேண்டியவர்கள் ஏன் பேசவில்லை? இவற்றைக் கேட்ட பின்பே பிறருக்குச் சொல்லுங்கள். எட்டாம் கட்டளை பொய்யைப் புனைந்தவனை மட்டுமல்ல, விசாரியாமல் அதைச் சுமந்து சென்றவனையும் கணக்குக் கேட்கும்.